இருப்பிடச் சான்று இல்லையென்றால் பள்ளியில் சேர்க்க மாட்டார்களா?

கேள்வி: ராமேசுவரம் தீவில் கடற்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டுப் பதினேழு வருடமாக இருந்தோம். கணவர் நாட்டுப்படகில் பங்குக்குப் போகிறார். கார்த்திகைப் புயலில் குடிசை போய்விட்டது. திரும்பக் கட்டப் போனால், இங்கே இனிமேல் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபம் தாண்டி, நாத்தனார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. இங்குள்ள அரசுப் பள்ளியில், டி.சி., ஆதார், இந்த ஊர் முகவரிக்குச் சான்று மூன்றும் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஜூன் மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு, தீவில் படித்தாள். அவளும் இப்போது போவதில்லை. வீடு கிடைத்தால்தானே முகவரி கிடைக்கும்? என்ன செய்வது?

பதில்: சகோதரி, வீட்டையும் பள்ளியையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். வீடு கிடைக்க மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். பள்ளி அப்படி இல்லை. உங்கள் மகனை நாளைக் காலையிலேயே வகுப்பில் உட்கார வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இடம் உண்டு என்கிறது. சொந்த வீடா, வாடகையா, திண்ணையா என்று அது கேட்பதில்லை. உங்களிடம் கேட்ட மூன்று காகிதங்களையும் பார்ப்போம். டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது பிரிவு 5. பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் டி.சி.யை உடனே கொடுத்தாக வேண்டும், இழுத்தடித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதே பிரிவுதான். வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக்கூடாது என்கிறது பிரிவு 14. ஆதாரைப் பொறுத்தவரை, அது இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. முகவரிச் சான்று என்ற நிபந்தனை இந்தச் சட்டத்தில் எங்குமே கிடையாது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று பிரிவு 9 சொல்கிறது. ‘ஜூனில் பார்க்கலாம்’ என்ற பதிலும் செல்லாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பிரிவு 15.

அமெரிக்காவில் 1987-லேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். வீடு இழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தையையும் அது வீடற்ற குழந்தையாகவே கணக்கில் எடுக்கிறது, காகிதம் இல்லாமலேயே பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. பதினான்கு வயதுவரை அது இல்லாத குறை நமக்கு இல்லை என்பேன். குறை அதற்கு மேல்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி தரப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கலாம். உங்கள் மகனின் பெயர் எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவில் பழைய பள்ளியின் பட்டியலிலேயே நிற்கும். அங்கிருந்து ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியால் எடுத்துக்கொள்ள முடியும். இது இரண்டு தலைமை ஆசிரியர்கள் போனில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், நீங்கள் அலைய வேண்டியதில்லை. அதுவரை பையன் வகுப்பில் இருக்கலாம். அவன் வெளியே நிற்கும் ஒவ்வொரு நாளும் பாடம் மட்டும் போவதில்லை, காலை உணவும் மதியச் சத்துணவும் சேர்ந்து போகின்றன.

அதனால் ஒரு பக்க மனு எழுதுங்கள். புயலில் வீடு போனது, இப்போது இன்னார் வீட்டில் தங்கியிருக்கிறோம், பிரிவு 5, 14, 15-ன்படி மகனைச் சேர்க்க வேண்டுகிறேன், இவ்வளவு போதும். நாத்தனாரும் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் எனக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். மறுப்பை எழுத்தில் தர யாருக்கும் விருப்பம் இருக்காது. அப்படியும் நடக்கவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். பிரிவு 32-ன்படி உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தரவும் வழி உண்டு, ஆனால் முடிவெடுக்க அவர்களுக்கு மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது. அதை முதல் வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மகள் விஷயம் வேறு. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் மேலே சொன்ன பிரிவுகளைக் காட்டிச் சண்டை போட முடியாது. எனவே அவளுக்கு டி.சி. வாங்கவே வாங்காதீர்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் எந்தப் பள்ளிப் பட்டியலிலும் இல்லாமல் நடுவில் தொங்கினால்தான் ஆபத்து. ராமநாதபுரம் – ராமேசுவரம் பேருந்து உங்கள் வழியாகத்தான் போகிறது, அரசுப் பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. பழைய பள்ளிக்கே அனுப்புங்கள். வராத நாட்களுக்குப் புயலைக் காரணமாக எழுதி ஒரு கடிதம் கொடுங்கள். பயணம் சரிப்படாவிட்டால் அரசு மாணவியர் விடுதி இருக்கிறது. விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. ஆனால் அவள் சம்மதித்தால் மட்டும். வீடு போன பிள்ளையைக் குடும்பத்திடமிருந்தும் பிரிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

இனி வீடு. பழைய இடத்துக்கே பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடற்கரை, நீர்நிலை போன்றவை ஆட்சேபகரமான புறம்போக்கு, அதாவது குடியிருக்க அரசு அனுமதிக்காத நிலம். ஆட்சேபணையற்ற புறம்போக்கில்தான் குடியிருப்பை வரன்முறை செய்ய வாய்ப்பு உண்டு. எத்தனை வருடம் இருந்தாலும் அந்த மணல் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் அத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதற்கு மதிப்பு இல்லாமல் போகாது. வருவாய்த் துறை எப்போதாவது பி-மெமோ கொடுத்து அபராதம் கட்டச் சொன்னதா? வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை, ரேஷன் கார்டு, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? பி-மெமோ உங்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் காகிதம்தான், ஆனாலும் நீங்கள் அங்கே இருந்ததற்கு அரசே கொடுத்த அத்தாட்சி அது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்களாக விட்டுப் போனதாக எங்கும் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது மாற்று இடம். கரையை விட்டுத் தள்ளி, வருவாய் நிலை ஆணை 21-ன்படி இலவச வீட்டுமனைப் பட்டா. உங்கள் பெயரிலேயே கேளுங்கள். திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் போட்ட ரசீது வாங்குங்கள். புயல் சேதப் பட்டியலில் உங்கள் குடிசை ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். நிவாரணத் தொகை பெரியதல்ல, ஆனால் வீடு புயலில்தான் போனது என்று அந்தப் பட்டியல் பிறகு பேசும். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதற்கு மனை கையில் இருக்க வேண்டும். எனவே பட்டா முதலில், வீடு அப்புறம்.

மனு கிடப்பில் போனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அங்கே பெரும்பாலும் கிடைப்பது, மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள் என்ற உத்தரவுதான். மனையே கிடைத்துவிடும் என்று நினைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். வக்கீல் செலவே உங்களுக்கு வேண்டியதில்லை. 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்றத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது ஆட்சியர் அலுவலக ரசீதின் நகலையும், பள்ளியில் கையொப்பம் வாங்கிய மனுவின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.