தோட்டம் கேள்வி-பதில்: அழகாவும் இருக்கணும், வேலையும் வைக்கக் கூடாது

கேள்வி: அக்கா, வீட்டுக்கு முன்னாடி புல்தரை, சுத்தி ஓரமா 60 தொட்டி இருக்கு, எல்லாம் ஒவ்வொண்ணா ஆசைப்பட்டு வாங்கினது. இப்ப ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், லீவு நாள் மொத்தமும் தண்ணி ஊத்தறதுலயும் களை பிடுங்கறதுலயும் போயிடுது. எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா பண்ணலாம்னு இருக்கோம். வேலையே வைக்காத செடியா பார்த்து நாலஞ்சு பேரு சொல்லுங்களேன்?

பதில்: சொல்றேன், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் போகுதுன்னு. எனக்குத் தெரிஞ்சு உங்க நேரத்தைத் தின்றது செடி இல்ல, தொட்டிதான். தொட்டிக்குள்ள இருக்கற வேர் தண்ணியைத் தேடி எங்கயும் போக முடியாது, நீங்கதான் கொண்டுபோய் ஊத்தணும், வெயில் காலத்துல சின்னத் தொட்டிக்கு தினமும் ஊத்தணும், சில நாள் ரெண்டு தடவை கூட. அதே செம்பருத்தியை தரையில வைங்க, வேர் நல்லா இறங்கினதும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஆழமா விட்டா போதும்னு ஆயிடும். அதனால 60-ஐ 6 ஆக்குங்க. அந்த ஆறும் பெருசா இருக்கட்டும், 18 இஞ்சுக்குக் குறையாம, மண்ணு நிறைய இருந்தாத்தான் சீக்கிரம் காயாது. வாசல்லயும் உக்கார்ற இடத்துலயும் மட்டும் வைங்க.

அடுத்து புல்தரை. அதுல யாராவது நடக்கறாங்களா, பிள்ளைங்க விளையாடுதா? புல் வெட்டறவர் மட்டும்தான் அது மேல கால் வைக்கறார்னா அது தேவையே இல்ல. வேணும்னா ஒரே துண்டா, மூலை முடுக்கு இல்லாம வளைவா வைங்க, மெஷின் திரும்பறதுக்கு லேசா இருக்கும். ஓரத்துல செங்கல்லை மண் மட்டத்துக்குப் பதிச்சுட்டா மெஷினோட சக்கரம் அது மேலயே ஓடிடும், அப்புறம் குனிஞ்சு கத்தரிக்கோலால ஓரம் வெட்டற வேலை பெரும்பாலும் இருக்காது.

இப்ப செடி. வளர்ந்து முடிச்சா எவ்ளோ பெருசு ஆகும்னு கேட்டு வாங்குங்க, இத கேக்காம நான் பட்ட பாடு இருக்கே! ஜன்னலுக்கு நேர் கீழ துரந்தாவை வரிசையா வெச்சேன், வாங்கும்போது ஒரு ஜாண் உசரம், பாக்க பொம்மை மாதிரி இருந்துச்சு, அது பாட்டுக்கு ஆளு உசரத்துக்குப் போற ஜாதி, அதை ஜன்னலுக்குக் கீழயே நிறுத்தறேன்னு மூணு வாரத்துக்கு ஒருக்கா கத்திரிச்சேன், நாலு வருஷம். கடைசியில தோண்டி எடுத்துட்டு குட்டை ரக இட்லிப்பூ வெச்சேன், இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் கத்திரிக்கோல் எடுக்கறேன். நம்ம வெட்டாமலே அந்த இடத்துக்கு அடங்கற செடிதான் வேலை வைக்காத செடி.

பேரு கேட்டீங்கல்ல. நல்ல வெயில் விழற இடத்துக்கு இட்லிப்பூ, அரளி (விஷச்செடி, சின்னப் பிள்ளைங்க, நாய் இருந்தா வேண்டாம்), கொஞ்சம் தண்ணி குறைச்சா இன்னும் பூக்கற காகிதப்பூ. வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தா நந்தியாவட்டை. நிழல்னா மருள் (ஸ்நேக் பிளான்ட்னு நர்சரியில சொல்வாங்க), ரியோ. ஆனா இதெல்லாம் ஒண்ணு ஒண்ணு வாங்காதீங்க, ஒரே செடி அஞ்சு, ஏழுன்னு கும்பலா நடுங்க. 60 தொட்டியில 40 ரகம் இருந்தா எது மேலயும் கண்ணு நிக்காது, கண்காட்சி மாதிரி ஆயிடும். பூ வந்து போயிடும், வருஷம் முழுக்க நம்ம பாக்கறது இலையத்தான், அதனால நிமிர்ந்த மருளுக்கு முன்னாடி ஊதா இலை ரியோன்னு, இலையை வெச்சே ஜோடி சேருங்க. தண்ணி அதிகம் கேக்கறது ஒரு பக்கம், கேக்காதது ஒரு பக்கம், இத கலக்கவே கூடாது.

நட்டு முடிச்சதும் மண்ணு வெளிய தெரியாம 2, 3 இஞ்சுக்கு காஞ்ச இலையோ மரத்தூளோ பட்டைத்துண்டோ மூடுங்க, வெளிச்சம் படலேன்னா களை விதை பெருசா முளைக்காது, ஈரமும் நிக்கும். தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க, அழுகிடும், நாலு விரக்கடை தள்ளியே இருக்கட்டும். ஒண்ணு சொல்லிடறேன், முதல் வருஷம் வேலை இருக்கும். வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி விட்டே ஆகணும், டைமரோட சொட்டுநீர் போட்டுக்கிட்டா பாதி நிம்மதி, ஃபில்டரை மட்டும் அப்பப்ப கழுவுங்க.

கேள்வி: எல்லா இடத்துலயும் பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மேல ஜல்லி கொட்டிட்டா களையே வராதாமே?

பதில்: ஒரு வருஷம் வராது. அப்புறம் தூசியும் சருகும் கல்லு இடுக்குல விழுந்து மக்கி மண்ணாகும், களை அந்த மண்ணுல முளைக்கும், ஷீட்டுக்கு மேலயே! அதைக் கல்லுக்கு நடுவுல உக்காந்து பிடுங்கறது வெறும் மண்ணுல பிடுங்கறத விடக் கஷ்டம். கீழ வேருக்கு காத்தும் போகாது, தண்ணியும் இறங்காது, கல்லு சூடாகி செடியையும் வாட்டும். நடைபாதைக்கு கல்லு போடுங்க, அருமையா இருக்கும். மரத்தடியில மட்டும் வேண்டாம், சருகு கூட்டியே ஓஞ்சுடுவீங்க.

கேள்வி: கோரை! பிடுங்கப் பிடுங்க வருது. அட்டை போட்டு மூடினேன், குத்திக்கிட்டு வெளிய வந்துடுச்சு.

பதில்: வரும், அதோட முனை ஊசி மாதிரி, பிளாஸ்டிக்கையே ஓட்டை போடும். மேல இழுத்தா இலைதான் கையில வரும், கிழங்கு உள்ளயே நிக்கும். மண்ணு ஈரமா இருக்கும்போது கொத்தால ஆழமாக் கிளறி கிழங்கோட எடுங்க, திரும்ப முளைச்சா சின்னதா இருக்கும்போதே திரும்ப எடுங்க, விடாம ஒரு சீசன் பண்ணினா நல்லா அசந்துடும். மெஷின் விட்டு உழுதுடாதீங்க, கிழங்கு துண்டாகி தோட்டம் முழுக்கப் பரவிடும். அதுக்கு நிழல் ஆகாது, அடர்த்தியா புதர்ச்செடி வளர்ந்த இடத்துல தானா சோர்ந்துபோகும்.

கேள்வி: எல்லாத்தையும் எடுத்துடறேன், ஆனா ரோஜா இல்லாம என்னால முடியாதுக்கா.

பதில்: ரெண்டு வெச்சுக்கோங்க, பைப்புக்குப் பக்கத்துல.