கிளர்வுற்ற மூலக்கூறுகளின் இயற்பியலுக்கும் விலங்கு நோய் ஆராய்ச்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பன்னிரண்டாம் வகுப்பில் கிளர்வு நிலை, ஆற்றல் மட்டம் எல்லாம் படித்தேன், அவை தேர்வைத் தாண்டி எங்காவது பயன்படுகின்றனவா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே பயன்படுகின்றன. சென்னையில் விலங்கு நோய்களைக் கண்டறியும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரேபிஸ் சந்தேகத்தோடு ஒரு நாயின் உடல் வந்தால், அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்பதை எங்களுக்குக் காட்டுவது கிளர்வுற்ற மூலக்கூறுகள் உமிழும் ஒளிதான்.

முதலில் நோய் பரவும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் எச்சில் வழியாகக் கடிபட்ட இடத்துக்குள் போகிறது. அங்கிருந்து அது நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது, ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. அதனால் ரத்தத்தை எடுத்து வைரஸைத் தேடிப் பயனில்லை. மூளையில் பெருகிய பிறகு நரம்புகள் வழியாகவே எச்சில் சுரப்பிகளுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கட்டத்தில்தான் நாயின் கடி அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கிறது. ஆகவே, நாய்க்கு ரேபிஸ் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல, இறந்த பிறகு அதன் மூளையைத்தான் பார்க்க வேண்டும்.

1903-ல் இத்தாலியைச் சேர்ந்த அடெல்கி நெக்ரி, நோயுற்ற விலங்கின் நரம்புச் செல்களுக்குள் சிறு உருண்டைகள் தெரிவதைக் கண்டுபிடித்தார். (நம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) சாயமேற்றி அந்த உருண்டைகளைத் தேடுவதுதான் வெகுகாலம் பரிசோதனையாக இருந்தது. ஆனால் நோய் இருக்கும் எல்லா மூளையிலும் அவை தென்படுவதில்லை. உருண்டை இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கடிபட்ட ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது இது எவ்வளவு பெரிய குறை என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் உங்கள் பாடப்புத்தகம் உள்ளே வருகிறது. 1940-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு (கிருமியின் புரதத்தைத் தேடிக் கவ்வும் எதிர்ப்புப் புரதம்) வேதிப்பிணைப்பால் இணைத்துக் காட்டினார். 1958-ல் கோல்ட்வாசர், கிஸ்லிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை ரேபிஸுக்குப் பயன்படுத்தினார்கள். இன்றுவரை உலக அளவில் நம்பப்படும் முதன்மைப் பரிசோதனைகளில் ஒன்று இது.

மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் சிறு துண்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றுவோம். குளிர்ந்த அசிட்டோனில் வைத்து நிலைப்படுத்துவோம். பிறகு ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடியை ஊற்றி, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவிவிடுவோம். வைரஸின் புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதைக் கவ்விக்கொண்டு தங்கும். இல்லாவிட்டால் கழுவும்போதே போய்விடும்.

அப்புறம் இருட்டறை. சுமார் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி தகட்டின் மேல் விழுகிறது. ஃப்ளூரசீன் மூலக்கூறு அதை உறிஞ்சுகிறது, அதன் எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குப் போகிறது; இதுதான் நீங்கள் படித்த கிளர்வு நிலை. அங்கே அது தங்குவது ஏறத்தாழ 4 நானோ நொடிதான். அந்த இடைவெளியின் தொடக்கத்திலேயே மூலக்கூறு கொஞ்சம் ஆற்றலை அதிர்வாக, அதாவது வெப்பமாக, இழந்துவிடுகிறது. மீதி ஆற்றல்தான் ஒளியாக வெளிவருகிறது. ஆற்றல் குறைந்ததால் அலைநீளம் கூடி, 520 நானோமீட்டர் பக்கம், பச்சையாகத் தெரிகிறது. உறிஞ்சும் ஒளியைவிட உமிழும் ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்பதை ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் 1852-லேயே எழுதிவிட்டார். எங்கள் பரிசோதனை முழுக்க இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது. நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டால், கறுப்புப் பின்னணியில் வைரஸ் இருக்கும் இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக மின்னும். உள்ளே போன நிறத்திலேயே வெளிச்சம் திரும்பி வந்தால் எதையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

இந்த இயற்பியல் சில நேரம் தொந்தரவும் கொடுக்கும். கிளர்வுற்ற மூலக்கூறு எப்போதும் ஒழுங்காக ஒளியை உமிழ்ந்துவிட்டுக் கீழே இறங்குவதில்லை. சில சமயம் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிதைந்துவிடும். நீல ஒளியில் தகட்டை வைத்தே இருந்தால் பச்சை மங்கிக்கொண்டே போகும், அதனால் வேகமாகப் பார்த்தாக வேண்டும். திசுவும் தன் பங்குக்கு லேசாக ஒளிரும். எது உண்மையான பச்சை என்று தெரிய, நோய் உறுதியான தகடு ஒன்று, நோய் இல்லாத தகடு ஒன்று என இரண்டையும் கூடவே வைத்துத்தான் ஒப்பிடுவோம்.

இவ்வளவு நுட்பமான முறையையும் கெடுப்பது பெரும்பாலும் மாதிரியின் நிலைதான் என்பது என் கருத்து. சென்னை வெயிலில் அழுகிப்போன மூளையில் வைரஸ் புரதம் சிதைந்திருக்கும். அதில் பச்சை தெரியவில்லை என்றால் அந்த முடிவை நம்ப முடியாது. சந்தேகமான நாயைத் தலையில் அடித்துக் கொல்வது இன்னும் மோசம்: அந்த உயிருக்கும் கொடுமை, பார்க்க வேண்டிய மூளையும் நசுங்கிப் போகிறது. நாய் இறந்திருந்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாதிரியை எடுத்து ஐஸில் வைத்து அனுப்புவது அவர் வேலை.

கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ஆர்டி-பிசிஆரிலும் (வைரஸின் மரபுப்பொருளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை) சுழற்சிக்குச் சுழற்சி கருவி அளப்பது இதே வகை ஒளிர்வைத்தான். ரேபிஸுக்கும் அது பயன்படுகிறது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள், அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. எனவே நாய் கடித்தால் எங்கள் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்குங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த ஆன்டிபாடி மருந்து) போட வேண்டும், அதை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு நோய் இல்லை என்று பின்னால் உறுதியானால், மீதி ஊசிகளை நிறுத்தலாமா என்று அவர் முடிவுசெய்வார்.