விறைத்துப் போன ஸ்கார்ஃப் – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் மகளுக்கு மெரூனும் இலைப்பச்சையுமாக ஒரு ஸ்கார்ஃப் பின்ன ஆரம்பித்தேன். ஸ்லிப் ஸ்டிச்சில் போடும் அமெரிக்க பேட்டர்ன். 8ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது, கடையில் அதே நம்பரைக் கேட்டு வாங்கினேன். ஒரு சாண் பின்னியாச்சு. துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது, டிசைன் தெரியவே இல்லை, நல்ல பக்கத்தில் அங்கங்கே நூல் குறுக்கே ஓடுகிறது. இரண்டு நூலையும் சேர்த்துப் பிடிக்கத் தெரியாததால்தானா? பிரித்துவிடட்டுமா?

*

வணக்கம்.

பிரித்துவிடுங்கள். ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. இதில் இரண்டு நூலைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையே கிடையாது. மெரூனில் இரண்டு வரிசை, பச்சையில் இரண்டு வரிசை என்று மாறி மாறிப் போகும், கையில் எப்போதும் ஒரே நூல்தான். மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் கீழ் வரிசைக் கண்ணியை, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையத்தை, பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றிவிடுகிறோம், அதுதான் ஸ்லிப், அவ்வளவுதான். இந்த வகை டிசைன்களுக்கு மொசைக் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பார்பரா வாக்கர்.

விறைப்புக்குக் காரணம் ஊசி. நம் ஊரில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் ஓடுகிறது, அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்காவில் நேர் தலைகீழ், அங்கே 8 என்பது 5 மி.மீ. போதாக்குறைக்கு, மாற்றிவிட்ட கண்ணி இரண்டு வரிசை உயரத்துக்கு இழுபட்டு நிற்பதால் ஸ்லிப் ஸ்டிச் துணி சாதாரணப் பின்னலைவிட இறுக்கமாகத்தான் வரும், அதில் ஒரு மி.மீ. குறைந்தால் கேட்கவா வேண்டும். கடையில் 5 மி.மீ. என்று கேளுங்கள், நம்பர்தான் புரியும் என்றால் 6.

குறுக்கே ஓடும் நூல் உள்பக்க வரிசையில் வந்தது. நல்ல பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது நூலைப் பின்னால் வைத்து மாற்றுகிறீர்கள், சரி. துணியைத் திருப்பியதும் நூலை முன்னால், உங்கள் பக்கம் கொண்டுவந்து மாற்ற வேண்டும், அப்புறம் அடுத்த கண்ணியைப் பின்னும் முன் பின்னால் தள்ள வேண்டும். நூல் எப்போதும் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். ஊசியை பர்ல் போடப்போவது போல, அதாவது கண்ணியின் முன்பக்கம் வலமிருந்து இடமாக, நுழைத்து எடுங்கள், இல்லாவிட்டால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

டிசைன் தெரியாததற்கு நிறம்தான் காரணம் என்று தோன்றுகிறது. இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் எவ்வளவு அழகான டிசைனும் அதில் அமுங்கிவிடும். மெரூனை வைத்துக்கொண்டு பச்சைக்குப் பதில் சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ எடுக்கலாம்.

அந்த பேட்டர்னுக்குப் போகும் முன் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள். மெரூனில் 41 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட், அதாவது சாதாரணப் பின்னல். அடுத்து சந்தன நிறத்தில் ஒரு நிட், ஒரு ஸ்லிப் என்று போய், கடைசிக் கண்ணி நிட்டில் முடியும். திரும்பி வரும்போது பேட்டர்னையே பார்க்க வேண்டாம், சந்தன நிறக் கண்ணியைப் பின்னுங்கள், மெரூனை ஸ்லிப் பண்ணுங்கள். பிறகு மெரூனில் இரண்டு வரிசை முழுக்க நிட். அடுத்த சந்தன வரிசையை இரண்டு நிட்டில் தொடங்கி, ஒரு ஸ்லிப், ஒரு நிட் என்று போய், கடைசியில் ஒரு நிட் கூடுதலாகப் போட்டால் புள்ளிகள் இடம் மாறி விழும். எல்லாம் நிட் என்பதால் ஓரம் சுருளாது. ஸ்கார்ஃபுக்கு அது முக்கியம், கழுத்தில் சுற்றினால் உள்பக்கமும் தெரியுமே.

நிறம் மாறும்போது நூலை வெட்டாதீர்கள். புது நூலைப் பழையதற்கு அடியிலிருந்து எடுத்து, இழுக்காமல் ஓரமாகவே மேலே கொண்டுபோங்கள். உங்களுடையது அக்ரிலிக் நூல் என்றால் முடித்தபின் இஸ்திரி மட்டும் வேண்டாம், தொங்கிப்போய்விடும்.