அடர்ந்த ஆவிக்குச் சுருளும் திரியும்: வாசகர் கேள்வி – பதில்

மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளைத் தாமே சுற்றி, அதற்குத் திரவத்தை ஈர்த்துத் தரும் பஞ்சுத் திரியைக் கோத்துக்கொள்ளும் வாசகர்கள் சிலர், ஆவியின் அளவைக் கூட்டுவது பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் அவற்றை இங்கே சேர்த்து விடையளிக்கிறோம். ஏற்கெனவே புகைப்பழக்கம் உள்ள வயது வந்தவர்களை மனத்தில் வைத்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: 26 கேஜ் தடிமனுள்ள கான்தல் (இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை) கம்பியை 3 மி.மீ. உள்விட்டத்தில் ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். மின்தடை ஏறத்தாழ 1 ஓம். மின்தடையை 0.3 ஓமுக்கு இறக்கினால்தான் ஆவி அடர்த்தியாக வரும் என்கிறார்கள். இது சரியா?

பதில்: பாதிதான் சரி. மின்தடையைக் குறைப்பதால் ஆவி வருவதில்லை. போதுமான பரப்புள்ள ஒரு சூடான கம்பி, தடையின்றி நனைந்துகொண்டிருக்கும் பஞ்சைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வருகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

உங்கள் 26 கேஜ் கம்பியின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. ஏழு சுற்றுக்கு ஏறக்குறைய 75 மி.மீ. கம்பி செலவாகிறது; அதன் மொத்தப் புறப்பரப்பு 95 சதுர மி.மீ. அளவில் இருக்கும். இதே கம்பியை இரண்டே சுற்றோடு நிறுத்தினால், கால்களையும் (திருகில் பூட்டும் இரு கம்பி முனைகளையும்) சேர்த்து மின்தடை 0.35 ஓமுக்கு வந்துவிடும். ஆனால் சுருளின் பரப்பு 27 சதுர மி.மீ.தான் இருக்கும். அதற்கு 50 வாட் கொடுத்தால் ஆவிக்கு முன்னால் பஞ்சுதான் கருகும். மாறாக, சற்றுத் தடித்த 24 கேஜ் கம்பியில் ஏழு சுற்றுச் சுருள்கள் இரண்டைச் செய்து இணையாகப் பூட்டினால், மின்தடை 0.31 ஓமாகவும் பரப்பு 250 சதுர மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் அமையும். அதே 50 வாட் இப்போது ஒரு சதுர மி.மீ.க்கு 0.2 வாட் என்ற அளவில் பரவிப்போவதால், பஞ்சு கருகாமல் திரவம் நிறைய ஆவியாகிறது. இரண்டுக்கும் மின்தடை ஏறக்குறைய ஒன்றே. பரப்பில் மட்டும் ஒன்பது மடங்கு வேறுபாடு. ஆகவே முதலில் பரப்பை முடிவு செய்யுங்கள். அந்தப் பரப்புக்கு எத்தனை வாட் தேவை என்று பாருங்கள். மின்தடை அதன் விளைவாக வந்து சேரட்டும்.

காற்றையும் மறக்கலாகாது. நாம் ஆவி என்று சொல்வது, சூடான ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய மேகமே. காற்றுத் துளைக்கு நேர் எதிரே, அதை மறைக்காத தூரத்தில் சுருள் நிற்க வேண்டும். சுருள் துளையை விட்டு விலகியிருந்தால், காற்று அதைத் தொடாமலே கடந்து போக, ஆவி மெலிந்து சுருள் மட்டும் கொதிக்கும்.

கேள்வி: சுருளைப் பூட்டிப் பொத்தானை அழுத்தினால் ஓரத்துச் சுற்று ஒன்று மட்டும் முதலில் சிவக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சுருளின் நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் ஒரே சீராகச் செம்மை பரவுவதே சரியான சுருளுக்கு அடையாளம். பஞ்சு கோக்கும் முன், குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்தி, பொத்தானை விட்ட பிறகு பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளை மெதுவாக நெருக்கியோ வருடியோ விடுங்கள். கான்தலில் உள்ள அலுமினியம் சூட்டில் ஆக்சைடு படலமாகி, சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமல் தடுக்கும். அதன் பிறகு செம்மை சீராகிவிடும். அப்போதும் கால் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால், திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டைட்டானியம், தூய நிக்கல் ஆகிய கம்பிகளை இப்படிச் சிவக்கக் காய்ச்சக் கூடாது. அவை வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள கருவிகளில் மட்டும் பயன்படுபவை.

கேள்வி: வாட்டைக் கூட்டினால் இரண்டு இழுப்புக்குள் கருகிய சுவை வந்து தொண்டையைப் பிடிக்கிறது. பஞ்சை இன்னும் அதிகமாக வைக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் குறைக்க வேண்டியிருக்கும். இந்தப் பத்தியில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: ஆவி குறைவதாக எழுதுகிறவர்கள் கம்பியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கோளாறோ திரியில் இருக்கிறது.

விளக்குத் திரியை இறுக்கித் திணித்தால் எண்ணெய் ஏறாமல் திரியே எரிவதைப் போலத்தான் இங்கும் நடக்கிறது. பஞ்சிழைகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியே நுண்புழை ஈர்ப்பால் திரவம் ஏறுகிறது. இடைவெளியை நசுக்கிவிட்டால் வழி அடைபடுகிறது. பஞ்சு ஈரமாக உள்ளவரை, திரவம் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்வதால், சுருளின் சூடு திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். ஈரம் தீர்ந்த கணத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். வெப்பநிலை சட்டென்று ஏறி, பஞ்சும் எஞ்சிய திரவமும் சிதைந்து, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் நச்சுப் பொருள்கள் உண்டாகும். தொண்டையைப் பிடிப்பது அதுதான். ஆகையால் அந்தச் சுவை வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம் என்று தொடரக் கூடாது.

பஞ்சின் அளவைக் கையால் அறியலாம். முனையை முறுக்கிச் சுருளுக்குள் நுழைத்து இழுக்கும்போது, சுருள் இலேசாக அசைய வேண்டும், ஆனால் வளைந்துவிடக் கூடாது. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு போதாது. கம்பியைத் தொடாத இடத்தில் ஆவியும் இராது. இழுத்த பிறகு இரு வால்களையும் சீப்பு போன்ற ஒன்றால் கோதி, தளர்ந்த இழைகளை நீக்கி, ஓரத்தை இலேசாகச் சாய்த்து வெட்டுங்கள். வால் நுனி, அட்டமைசரில் (சுருளும் திரியும் அமரும் பகுதியில்) திரவம் தேங்கும் கிண்ணத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அழுத்தி அடைக்க வேண்டாம். தொட்டி வகை அட்டமைசரில் திரவம் வரும் வழிகளை வால் மூட வேண்டும், ஆனால் அடைத்துவிடக் கூடாது: மூடாவிட்டால் ஒழுகும், அடைத்தால் வறளும். நனைந்த பஞ்சு சற்று ஊதும் என்பதால், உலர்ந்த நிலையில் கொஞ்சம் தளர்வாகத் தோன்றுவதே சரி. பஞ்சு முழுவதும் ஊறிய பிறகு குறைந்த வாட்டில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

பழைய பஞ்சைக் கழற்றியதும் எறிந்துவிடாமல் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதி முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் அது இயல்பான படிவு. நடுவில் மட்டும் கறுத்த வளையம் விழுந்திருந்தால், அந்த இடத்திற்குத் திரவம் வந்து சேரவில்லை என்று பொருள்.

கேள்வி: கிளாப்டன் சுருள் சாதாரணச் சுருளைவிட அதிக ஆவி தருமா?

பதில்: தரும். தடித்த கம்பியின் மேல் மிக மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிய அமைப்பு அது. மேலுறையால் பரப்பு கூடுவதுடன், இழைகளின் இடுக்குகளில் திரவமும் தங்குகிறது. இரண்டு நடுக்கம்பிகளை அருகருகே வைத்துச் சுற்றுவது இன்னும் நல்ல பலன் தரும். ஆனால் உலோகத்தின் எடை கூடும்போது சூடேறத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட வாட்டைக் கூட்ட வேண்டும். பேட்டரியின் சுமையும் அதனுடன் கூடும். பொத்தானை விட்ட பிறகும் சுருள் சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். நடுக்கம்பிக்கு நிக்ரோம் 80 (நிக்கல், குரோமியக் கலவை) எடுத்துக்கொண்டால், அதன் மின்தடை கான்தலைவிடக் குறைவு. விரைவில் சூடேறுவதாகப் பலர் அதையே விரும்புகிறார்கள். அதில் 80 விழுக்காடு நிக்கல் என்பதால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சாதாரணக் கம்பியில் திரியைச் சரியாக அமைக்கப் பழகிய பிறகு கிளாப்டனுக்கு வருவது நல்லது.

கேள்வி: மின்சுற்றுப் பலகை இல்லாமல் பேட்டரியை நேரடியாகச் சுருளோடு இணைக்கும் மெக்கானிக்கல் மோட் வைத்திருக்கிறேன். 0.15 ஓம் சுருள் போடலாமா?

பதில்: போட வேண்டாம். முழுதாக மின்னேற்றிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். அதை 0.15 ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். 18650 அளவுள்ள பேட்டரிகளில் உயர் மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டவைகூடப் பெரும்பாலும் தொடர்ச்சியாக 20 முதல் 25 ஆம்பியர் வரைதான் தாங்கக்கூடியவை. பேட்டரியின் மேலுறையில் 35, 40 என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். பிறர் செய்த பேட்டரிக்குப் புதிய உறை போட்டு விற்பவர்கள் கணநேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவையே பெரிதாக அச்சிடுவதுண்டு. பேட்டரியைச் செய்த நிறுவனத்தின் தரவுத்தாளில் உள்ள தொடர் மின்னோட்ட அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 0.31 ஓம் இரட்டைச் சுருளுக்கு 13.5 ஆம்பியர்தான் தேவை. 57 வாட் அளவுக்கு ஆற்றலும் கிடைக்கும். அடர்ந்த ஆவிக்கு அதுவே தாராளம்.

மெக்கானிக்கல் மோடில் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. பேட்டரி அளவுமீறிச் சூடாகி, வாயு பீறிட்டு, மூடிய குழாய்க்குள் வெடிக்கவும் கூடும். எனவே சுருளைப் பூட்டியதும் மின்தடையை அளக்காமல் பொத்தானைத் தொடாதீர்கள். மலிவான மல்டிமீட்டரின் கம்பிகளே சில பத்தில் ஒரு பங்கு ஓம் வரை காட்டிவிடும் என்பதால், இதற்கென்றே உள்ள ஓம் மீட்டரையோ கட்டுப்பாட்டுப் பலகை உள்ள வேறொரு கருவியையோ கொண்டு அளவெடுங்கள். பேட்டரியின் முனை அட்டமைசரின் மைய ஊசியை நேரடியாகத் தொடும் ஹைபிரிட் அமைப்பில், அந்த ஊசி மரையைவிட வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்குச்சுற்று உறுதி. உறை கிழிந்த பேட்டரி எந்தக் கருவிக்கும் ஆகாது.

கட்டுப்பாட்டுப் பலகை உள்ள கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குச் சுருளின் மின்தடையைவிட வாட்டே கணக்கு. ஒற்றைப் பேட்டரியில் 60 வாட் எடுக்கும்போது, மின்னழுத்தம் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், கருவியின் இழப்பையும் சேர்த்து 21 ஆம்பியர் அளவுக்குப் பேட்டரியிலிருந்து போகும். பேட்டரி இறங்க இறங்க அதன் சுமை ஏறுகிறது.

கேள்வி: ஆவியைத் தடிப்பாக்கத் திரவத்தில் எதையாவது சேர்க்கலாமா? சிலர் எண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: எந்த எண்ணெயையும் சேர்க்காதீர்கள். உள்ளிழுத்த எண்ணெய் நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. 2019இல் அமெரிக்காவில் பலரை மருத்துவமனையில் சேர்த்த, சிலரின் உயிரையும் பறித்த நுரையீரல் பாதிப்புக்கு, பெரும்பாலும் கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருளோடு வலுவான தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டது.

அடர்த்தியைத் தருவது தாவர கிளிசரின். ஆவிக்காகவே தயாரிக்கும் திரவங்களில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ அது இருக்கும். கிளிசரின் மிகவும் கெட்டியானது, கொதிநிலையும் 290 டிகிரி செல்சியஸ். புரொப்பிலீன் கிளைக்காலுக்கு 188 டிகிரிதான். கிளிசரின் கூடினால் திரி மெதுவாக நனையும் என்பதால், பஞ்சை இன்னும் தளர்வாக்கி, இரண்டு இழுப்புகளுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். ஆவி பெருகினால் நிக்கோட்டினும் அதற்கேற்ப உள்ளே போகும் என்பதையும் கவனியுங்கள்: சிறிய கருவியில் ஒரு மில்லி லிட்டருக்கு 12 மில்லி கிராம் பயன்படுத்தியவர் இதில் 3க்கு இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும்.

கேள்வி: நான் புகைபிடித்ததே இல்லை. ஆவி வளையங்கள் விடுவதற்காக மட்டும் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். நிக்கோட்டின் இல்லாத திரவத்தின் ஆவியும் நுரையீரலுக்குத் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. நிக்கோட்டின் இருந்தால் பழக்கத்திலிருந்து மீள்வது கடினம்.

கேள்வி: சுருளையும் பஞ்சையும் எப்போது மாற்றுவது?

பதில்: நாள் கணக்கு உதவாது; திரவத்தின் இனிப்பைப் பொறுத்தது. சுக்ரலோஸ் சேர்த்த திரவம் சுருளின் மேல் கரிய படிவாக விரைவில் ஒட்டிக்கொள்ளும். இனிப்பில்லாத திரவத்தில் அதே சுருள் பல பஞ்சு மாற்றங்களைத் தாங்கும். சுவை மங்கி, ஆவி மெலிந்தால் பஞ்சை மாற்றுங்கள். பஞ்சை முழுவதும் எடுத்த பிறகு கான்தல் சுருளைக் குறைந்த வாட்டில் காயவைத்து, ஆறவிட்டு, தண்ணீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். கழுவிய பின் மின்தடையை மறுபடி அளந்து, செம்மை நடுவிலிருந்து சீராகப் பரவுகிறதா என்று பார்த்துவிட்டுப் புதிய பஞ்சைக் கோத்துக்கொள்ளுங்கள். கம்பி குழி விழுந்தோ முறியும் நிலையிலோ இருந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.