சங்காய் மானின் கீழ்த்தாடை இரண்டாகக் கிடக்கிறதா?

உங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் உள்ள சங்காய் (மணிப்பூரின் மான்) தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்துவிட்டது, உடைந்துவிட்டதா, ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது உடைந்திருக்காது. பிரிந்ததற்குக் காரணம் முகவாய் மூட்டாகத்தான் இருக்கும், அதாவது கீழ்த்தாடையின் இரு பாதியும் முன்னால் சேரும் இடம். நமக்கு அது எலும்பாகவே இறுகிவிடும், மான்களுக்கு அப்படி இல்லை. இடையிலுள்ள குருத்தெலும்பும் நாரும் காய்ந்து போனால் இரு பாதியும் கழன்றுவிடும்.

இரு பாதியும் இணையும் பரப்பைப் பாருங்கள். சொரசொரப்பாக, மறுபாதியின் மேடுபள்ளத்தோடு பொருந்தினால் மூட்டு. விளிம்பு கூராக இருந்தால் முறிவு.

அப்புறம் பற்கள்: வளர்ந்த மானுக்கு ஒவ்வொரு பாதியிலும் முன்னால் 4, பிறகு நீண்ட இடைவெளி, பின்னால் அரைக்கும் பல் 6. அந்த நான்காவது உண்மையில் கோரைப்பல். வெட்டுப்பல் மாதிரி வேஷம் போட்டிருக்கும். முன்பல் குழி காலியாக இருந்தால் பதற வேண்டாம், ஒற்றை வேர் என்பதால் எளிதில் உதிரும்.

ஒட்டுவதற்கு முன் ஒன்று: 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு இது. மாதிரிக்குப் பதிவு ஆவணம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.