கல்லூரியில் கலை மன்றம், மொழி மன்றம்: சேரலாமா, எதில் சேருவது?

கேள்வி: "முதலாண்டு மாணவர் நான். நாடகம், இசை, மொழி என்று கல்லூரியில் பல மன்றங்கள் ஆள் சேர்க்கின்றன. சேர்ந்தால் பயன் உண்டா, இல்லை படிப்பு கெடுமா? மேடை ஏறிப் பழக்கமே இல்லாதவர் எதில் சேரலாம்?"

சேருங்கள். மேடைப் பழக்கம் இல்லை என்றால் கட்டாயம் சேருங்கள். படிக்கும்போது நாடக மன்றத்தில் இருந்தேன். இப்போது மொழி ஆசிரியராக ஒரு மொழி மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எந்த மன்றம் என்று முடிவுசெய்யும்போது, சேர்க்கை மேசையில் அடுக்கியிருக்கும் கோப்பைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே நிற்கும் சீனியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "விழாவும் போட்டியும் இல்லாத சாதாரண வாரத்தில் என்ன செய்வீர்கள்?" நாள், நேரம், இடம் சொல்லி, போன வாரம் என்ன நடந்தது என்றும் சொன்னால் அங்கே போகலாம். "கல்ச்சுரல்ஸ் நெருங்கும்போது கூப்பிடுவோம்" என்றால் யோசியுங்கள். அப்படிப்பட்ட மன்றத்தில் ஏற்கெனவே நன்றாகப் பாடுகிற, நடிக்கிற நாலைந்து பேர் மேடை ஏறுவார்கள். மற்றவர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள், நாற்காலி போடுவார்கள். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. வாரா வாரம் கூடுகிற இடத்தில்தான் தெரியாதவர் தெரிந்தவராக மாற வாய்ப்பு.

நாடக மன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வசனம், மேக்கப், கைதட்டல். உள்ளே நடப்பதில் பெரும்பகுதி வாசிப்பு. ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிப்போம். புதிதாக வருபவர்கள் தங்கள் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, எதிராளியின் கடைசி வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தங்கள் வரியைக் கொட்டிவிடுவார்கள். இதற்கு எங்கள் மன்றத்தில் ஒரு பயிற்சி இருந்தது. இருவரையும் முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்துக் காட்சியைச் சொல்லச் சொல்வார்கள். முகம் தெரியாது, சைகை தெரியாது, குரல் மட்டும்தான். எதிராளி சற்றுத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கேட்டாக வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே வசனத்தின் வேகம் மாறிவிடும். ஒருவர் கோபம் குறைந்து பேசினால் மற்றவர் குரலும் தானாக இறங்கும். நடிப்பில் பாதி, அடுத்தவர் பேசுவதைக் கேட்பது. வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் பெரும்பாலும் நன்றாக வருவார்கள், ஏற்கெனவே கேட்டுப் பழகியவர்கள் அல்லவா.

"எங்களிடம் நல்ல அரங்கம் இல்லை, ஒளியமைப்புக்குப் பணம் இல்லை" என்று சொல்லி நாடகத்தைக் கைவிடும் மன்றங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்பெயினில் 1932-ல் லா பர்ராகா என்ற மாணவர் நாடகக் குழு ஊர் ஊராகக் கிளம்பியது. கவிஞரும் நாடக ஆசிரியருமான லோர்காவும், நாடக ஆசிரியர் எதுவார்தோ உகார்த்தேயும் வழிநடத்தினார்கள். நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். கழற்றி மாட்டும் மேடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கிராமத்துச் சதுக்கங்களில் தங்கள் மொழியின் பழைய நாடகங்களைப் போட்டார்கள். அரசின் உதவி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த மேடையே எளிமையானது. கூட்டத்தைப் பிடித்து வைத்தது தெளிவான குரலும் நன்றாகப் பழகிய குழுவும். அதையும்விட எளிமையான வழி வேண்டுமா? பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த மன்ற அரங்கு (Forum Theatre) என்ற நாடக முறை இருக்கிறது. ஒரு சிக்கலைக் காட்சியாக நடித்துக் காட்டுவார்கள். பார்ப்பவர்களில் யாரும் "நிறுத்து" என்று சொல்லி உள்ளே வந்து, தான் இருந்தால் என்ன செய்வேன் என்று நடித்துக் காட்டலாம். ஒரு வகுப்பறை போதும். விடுதிச் சண்டை, குழுப் படிப்பில் ஒருவர் மட்டும் வேலை செய்வது என்று மாணவர் பிரச்சினை எதற்கும் இது பொருந்தும்.

மொழி மன்றத்தில் சிக்கல் வேறு. நன்றாகப் பேசுபவரும் நேற்று எழுத்துப் பழகியவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். புதியவர் இரண்டு வாரம் வந்து மௌனமாக உட்கார்ந்துவிட்டு நின்றுவிடுவார். பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். எங்களுக்குக் கைகொடுப்பது ஜோடி முறை. உங்களுக்குத் தெரிந்த மொழியை நான் கற்கிறேன், என் மொழியை நீங்கள் கற்கிறீர்கள். பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்ற மொழி, கலக்கக் கூடாது. பேசுகிறவரை நடுவில் திருத்தவும் கூடாது. கேட்பவர் பிழைகளைக் குறித்துக்கொண்டு, பேச்சு முடிந்த பிறகு முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். எல்லாப் பிழையையும் பட்டியல் போட்டால் அடுத்த வாரம் ஆள் வராது.

மன்றத்துக்குப் போனாலே மொழி வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2001-ல் வெளியான ஐரோப்பிய மொழிச் சட்டகம் மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று சொல்கிறது. அதை எடுத்துப் பார்த்தால் உங்கள் இடம் ஓரளவு தெரியும். இலக்கணமும் சொற்களும் வகுப்பிலோ புத்தகத்திலோ வர வேண்டும். அவற்றைக் கூச்சமில்லாமல் வாயில் போட்டுப் பார்க்கத்தான் மன்றம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். பிப்ரவரி 21 அன்று பல மொழி மன்றங்கள் தாய்மொழி நாள் கொண்டாடுகின்றன. அந்தத் தேதி 1952-ல் டாக்காவில் வங்கமொழிக்காகப் போராடிய மாணவர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த நாள். 1999-ல் யுனெஸ்கோ அதை உலக நாளாக அறிவித்தது. கோலப்போட்டி, குறும்பேச்சு எல்லாம் வையுங்கள், ஆனால் இந்த வரலாற்றையும் யாராவது ஒருவர் எழுந்து சொல்லட்டும். மொழி மன்றத்தில் இருப்பவருக்கே அது தெரியாமல் போகக் கூடாது.

சரி, படிப்பு? ஒரு மன்றத்தில் மட்டும் சேருங்கள். மூன்றில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் ஒழுங்காகப் போகாதவர்கள்தான் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். வாரம் ஒரு கூட்டம் எந்தப் படிப்பையும் கெடுக்காது. நாடகத்தில் மட்டும், அரங்கேற்றத்துக்கு முந்தைய ரிஹர்சல் நாட்கள் உங்களை முழுதாக விழுங்கும். தேதி குறிக்கும்போதே தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பருவம் கடினமான பாடங்கள் இருந்தால் ஒலி, ஒளி, மேடைப்பொருள் பக்கம் போகலாம். ஒரு காட்சியில் விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று முடிவெடுக்கப் பழகியவருக்கு நாடகத்தின் கட்டமைப்பு நடிகரைவிட நன்றாகப் பிடிபடும்.

உறுப்பினராவதற்கே தேர்வு வைக்கும் மன்றங்களை நான் ஏற்பதில்லை. வேடத்துக்குத் தேர்வு வைக்கட்டும், போட்டிக்கு அனுப்பவும் வைக்கட்டும். உள்ளே வந்து உட்காரவும் கற்கவும் தகுதிச் சான்று எதற்கு? சேர்ந்த புதிதில் சீனியர்கள் உங்களை நிறுத்திவைத்துக் கேலி செய்வதை "மன்றப் பழக்கம்" என்று சொன்னால், அன்றே வெளியே வந்து பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடித்த மன்றம் பெயரளவில்தான் இருக்கிறது என்றால் நீங்களே உயிர்கொடுக்கலாம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை. நான்கு பேர் வந்தாலும் கூட்டத்தை ரத்து செய்யக் கூடாது. மற்றவருடைய நாடகத்தைப் போடுவதாக இருந்தால் முதலில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். ஆசிரியர் காலமாகிக் குறைந்தது 50 ஆண்டுகளுக்காவது பதிப்புரிமை நீடிக்கும், பல நாடுகளில் 60, 70. அப்புறம், பெரும்பாலான மன்றங்கள் சாவது இறுதியாண்டு மாணவர்கள் வெளியேறும் கோடையில்தான். அதனால் செயலாளர் பொறுப்பை கடைசிப் பருவத்துக்கு முன்பே ஜூனியர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு நோட்டும் கொடுங்கள்: எந்த வாரம் என்ன செய்தோம், எது எடுபடவில்லை, அறைச் சாவி யாரிடம் இருக்கும், எந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும்.