ரேண்டம், தோராய, குவாண்டம் அல்காரிதம் ஆராய்ச்சியில் உண்மையில் என்ன செய்வார்கள்? கோவைப் பக்கம் பொறியியல் படிக்கிறவர் இதற்குள் வர முடியுமா?

வரலாம். நானே வந்தவன்தான். ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் காட்டு வீடு, பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல், அப்புறம் தோராய அல்காரிதத்தில் பிஎச்டி. இப்போது கோவையில் வாத்தியார்.

சின்ன வயதில் அப்பாருவோடு ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போவேன். வியாபாரி மூட்டையின் மேலாக இருப்பதைத் தொடமாட்டார். நடுவிலோ அடியிலோ ஓரத்திலோ கையை விட்டு நாலு விரலியை உருவி, ஒடித்து உள்நிறம் பார்ப்பார். ஏன் அப்படி என்று கேட்டேன். "எங்க கை வெப்பாருன்னு தெரிஞ்சா அங்க மட்டும் நல்ல மஞ்சளா வெச்சுப்போடுவனே கண்ணு" என்றார் அப்பாரு. குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துக் கணக்கிடும் ரேண்டம் அல்காரிதத்தின் உயிர் இதுதான். சரக்கு எவ்வளவு வில்லங்கமாகவும் இருக்கட்டும், கை எங்கே போகும் என்பது மட்டும் முன்கூட்டித் தெரியக்கூடாது.

இதே வித்தையில்தான் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட எண் பகா எண்ணா என்று பார்க்கிறார்கள். மில்லர்-ராபின் சோதனையில் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சோதித்தால், பகு எண் நம்மை ஏமாற்ற நாலில் ஒரு பங்கு வாய்ப்புக்கு மேல் கிடையாது. 20 தடவை புதிதாக எடுத்துச் சோதித்தால் ஏமாறும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் ரேண்டமே இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் இதைச் செய்யலாம் என்று நிரூபித்தார்கள். அருமையான முடிவு. ஆனால் நடைமுறையில் இன்றும் ஓடுவது ரேண்டம் சோதனைதான், அதுதான் வேகம்.

(எங்கள் ஊர்ப் பெருமைக்கு ஒரு வரி: ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் பெயரில் ராமானுஜன் கிராஃப் என்று ஒன்று உண்டு, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த ஒரு வகை வலை. அதைக் கட்டிக் காட்டிய 1988-ஆம் வருடக் கட்டுரை அவருடைய ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. ரேண்டமாக எடுக்கும் 0, 1 பிட்டுகளைச் சிக்கனமாகச் செலவழிக்க அந்த வகை கிராஃப்தான் உதவுகிறது.)

தோராயம் என்றதும் "குத்துமதிப்பா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. திருப்பூரில் என் மாமன் மகன் ஜாப் ஒர்க் வேன் ஓட்டுகிறான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று ஒரு நாளில், கிளம்பும் யூனிட்டையும் சேர்த்து 20 யூனிட் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வரவேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறைவு? வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனால் சுமார் 600 கோடி கோடி. கெட்டிக்காரத்தனமாகத் தேடினால் 20-க்கு விடை கிடைத்துவிடும். ஆனால் இடங்கள் ஏற ஏற, எப்படிப்பட்ட வரைபடத்துக்கும் வேகமாகச் சரியான விடை தரும் வழி இதுவரை யாரிடமும் இல்லை. 1976-ல் கிறிஸ்டோஃபிடிஸ் ஒரு வழி சொன்னார். அதில் கிடைக்கும் சுற்று, மிகச் சிறந்த சுற்றின் ஒன்றரை மடங்கைத் தாண்டவே தாண்டாது. (போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை, அதனால் திருப்பூர் ஒன்-வேக்களை மறந்துவிடுங்கள்.) இந்த ஒன்றரையைக் குறைக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2020-ல் கார்லின், க்ளைன், ஓவேஸ் காரான் மூவரும் ஒரு கடுகளவு குறைத்தார்கள். கடுகு என்பதே அதிகம், புள்ளிக்குப் பின் 35 சைபர் போட்டு ஒரு 1. அதற்கே உலகம் முழுக்கக் கைதட்டினார்கள். ஆக எங்கள் வேலை குத்துமதிப்பு இல்லை, அதிகபட்சம் எவ்வளவு தப்பும் என்று நிரூபித்து எழுதிக் கொடுப்பது.

குவாண்டத்தில் நான் ஒருமுறை பல்லை உடைத்துக்கொண்டேன். பிஎச்டி நேர்முகத் தேர்வில், "குவாண்டம் கம்ப்யூட்டர் எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும்" என்றேன். "பார்த்து? அதில் எது சரி என்று உனக்கு யார் சொல்வார்கள்?" என்றார் எதிரில் இருந்தவர். வாயடைத்துப்போனேன், அந்த வருடம் இடமும் கிடைக்கவில்லை. குவாண்டம் கம்ப்யூட்டருக்குள் விடைகள் எல்லாம் அலைகள்போலக் கலந்து கிடக்கும், ஆனால் அளந்து பார்த்தால் ஏதோ ஒரு விடைதான் கையில் வரும். தப்பான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கி, சரியான விடையின் அலை ஓங்குமாறு அமைப்பதில்தான் திறமை. 1994-ல் ஷோர் எண்களைக் காரணிப்படுத்த அப்படி ஒரு வழி கண்டார். 1996-ல் குரோவர் கண்ட வழியில், வரிசை இல்லாத 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட சுமார் 800 கேள்வி போதும். ஆனால் அதற்குக் கீழே பெரிதாக இறங்க முடியாது என்பதும் நிரூபணமான விஷயம். பேப்பரில் வரும் 'எல்லாமே நொடியில்' செய்திகளை நான் படிப்பதை விட்டுவிட்டேன்.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் மோதிய கதை ஒன்று உண்டு. பயனர்களுக்குப் பொருள்களைப் பரிந்துரைக்க 2016-ல் ஒரு குவாண்டம் அல்காரிதம் வந்தது. சாதாரணக் கம்ப்யூட்டர் இதன் பக்கத்தில்கூட வரமுடியாது என்று நிரூபிக்கும் வேலையை, டெக்சாஸில் இளங்கலை படித்த ஈவின் டாங் என்ற மாணவியிடம் அங்கே குவாண்டம் பேராசிரியரான ஸ்காட் ஆரன்சன் கொடுத்தார். நிரூபிக்கப் போனவர் 2018-ல் நேர்மாறாகச் சாதாரணக் கம்ப்யூட்டருக்கே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பெரிய மதிப்புகளுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்து ரேண்டமாக எடுப்பது, தோராய விடையோடு நிறுத்திக்கொள்வது. அவ்வளவுதான். மண்டி வியாபாரியின் கை குவாண்டத்தை எட்டிப்பிடித்துவிட்டது என்பேன்.

சரி, தயாராவது எப்படி? கோடிங் வேகம் இங்கே பெரிதாக உதவாது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரூபணம் எழுதும் பழக்கம், இந்த மூன்றும் வேண்டும். என்பிடெல் (NPTEL) என்ற இணையத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியின் சிஎம்ஐ (சென்னை கணிதவியல் நிறுவனம்) இரண்டிலும் இந்தத் துறைக்கு ஆள் இருக்கிறார்கள், நுழைவுத் தேர்வு விவரங்களை அவர்கள் தளத்தில் பாருங்கள்.

அதற்கு முன் இன்று ராத்திரிக்கு ஒரு கணக்கு. மூன்று சதுர அணிகள் தருகிறார்கள், முதல் இரண்டின் பெருக்கல்தான் மூன்றாவது என்கிறார்கள். பெருக்கிப் பார்க்காமல் சரிபார்க்கவேண்டும். 0, 1 மட்டும் மேலிருந்து கீழாக அடுக்கிய ஒரு நிரலைக் காசு சுண்டி உருவாக்கி, அதை இரண்டாவது அணியால் பெருக்கி, வந்ததை முதல் அணியால் பெருக்குங்கள். மூன்றாவது அணியாலும் அதே நிரலைத் தனியாகப் பெருக்கி ஒப்பிடுங்கள். 1977-ல் ஃப்ரைவால்ட்ஸ் சொன்ன வழி இது. விடை பொய்யாக இருந்தால் குறைந்தது பாதி வாய்ப்பில் மாட்டிக்கொள்ளும். ஏன் பாதி? நீங்களே நிரூபித்துக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வரும் வாரமாக இருந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகும்.